இடம் பிடிக்க வந்தேன்

அதைத்தான் சொல்ல வர்றேன் வக்கீலம்மா. விஷயத்துக்கு வாங்க, விஷயத்துக்கு வாங்கன்னு நீங்க அவசரப்படுத்தினா எனக்கு விஷயமே மறந்துபோயிடுது. எங்க பொண்ணு பஸ்ல வந்துக்கிட்டே இருக்கா. மிச்சத்தை அவளே சொல்லுவா. குழந்தை தாய்கிட்டயே இருக்கணும், அவ்வளவுதான் நமக்கு வேணும்.

அடிப்பானாவா? கொசுவைக்கூட அடிக்கமாட்டாம்மா அந்தப் புருஷன்காரன். கொசு அடிக்க மெஷின் செய்வான். அதுதான் அவனுக்கு வியாதி. இருந்த மெக்கானிக் வேலையையும் விட்டுட்டு, எதையாவது கண்டுபிடிச்சுக்கிட்டே வீட்டுல கிடக்கான். போன மாசம் வாஷிங் மெஷின் மோட்டாரை டைமரோட கழட்டித் தொட்டில்ல மாட்டிட்டான். தானா ஆட்டுமாம். நல்லாத்தான் ஆட்டுச்சு. துணி பிழியற கட்டம் வந்துச்சு பாருங்க, புள்ள பறந்துடுச்சு. கடவுள் புண்ணியத்துல மெத்தையில போய் விழுந்து, பொக்கை வாயைத் திறந்து சிரிக்குது. எங்க பொண்ணு அழுதுக்கிட்டு நிக்கறா, இவன் எவ்வளவு தூரம் போச்சுன்னு டேப் வச்சு அளக்கறான்.

நீங்களும் சிரிக்கிறீங்களே. சிரிங்க, பரவாயில்ல, நானும் தனியா இருக்கும்போது சிரிச்சேன்.

அன்னைக்கே அவ புள்ளையைத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டா. இவன் இப்போ தொட்டிலைச் சரிபண்ணிட்டானாம், இனிமே பறக்காதாம், அதனால குழந்தையைக் கொடுன்னு கோர்ட்டுல கேக்கப்போறானாம்.

பைத்தியக்காரன்னு மட்டும் எழுதிக்காதீங்கம்மா. தங்கமான மனசு. பள்ளிக்கூடம் போற வயசுலயே என் மிக்ஸியில சைக்கிள் செயினை மாட்டினவன். ஆமா, என் மிக்ஸிதான். அதை விடுங்க.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஒரு பக்கத்துக்காக இவ்வளவும் கேட்டுட்டீங்கன்னா, மறுபக்கத்துக்கு நீங்க வாதாட முடியாதாமே? வாசல்ல டீ விக்கிறவர் சொன்னார். இந்த இலவச சட்ட உதவி ஆபீஸ்லயே நீங்கதான் கெட்டிக்காரின்னும் அவர்தான் சொன்னார். முடியாதுதானே? அவன் வந்து காலைப் பிடிச்சாலும்? அப்பாடா. கடவுளே, உனக்குக் கோடி கும்பிடு.

கண்ணாடிக் கதவுல மூக்கை ஒட்டிக்கிட்டு நிக்கறானே, சட்டைப் பையில ஸ்க்ரூடிரைவரோட, அவன்தாம்மா புருஷன்காரன். பயப்படாதீங்க, அவனும் உங்களைத்தான் பாக்க வந்திருக்கான். வருமானம் இல்லாதவங்களுக்கெல்லாம் இங்க இலவசம்தானே. சீக்கிரம் எழுந்திருக்க சோம்பல், அம்மா நீ முன்னாடி போய் வரிசையில எனக்கு இடம் பிடிச்சு வைன்னு என்னை அனுப்பிட்டான்.

ஆமாம்மா, அவனைப் பெத்தவதான். பொண்ணோட அம்மான்னா நெனச்சீங்க? எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க.

அவனுக்கும் ஒரு வக்கீல் கொடுப்பாங்கல்ல? கொடுக்கட்டும், பாவம். கொஞ்சம் சுமாரானவரா கொடுக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்.

அதோ, மருமக வந்துட்டா. வா தாயி, புள்ளைய இப்படிக் கொடு. இந்த நாற்காலியில உக்காரு. உனக்குத்தான் பிடிச்சு வச்சிருக்கேன்.