பாதியில் நின்ற பஸ் பாட்டு

இந்த விழாவின் தலைவரும் எங்கள் மன்றத்தின் தூணும் வீட்டில் எனக்கு அப்பாவுமான திரு. தில்லையம்பலம் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! மிசிசாகாவிலிருந்தும் ஸ்ரௌவ்வில்லிலிருந்தும் எனப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பனியைத் தாண்டி வந்திருக்கும் அங்கிள்மாரே, அன்ரிமாரே! என் அம்மா உட்பட முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! கதவடியில், கோட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கும் ஒருவரே! உங்கள் அனைவருக்கும் அட்சயாவின் நடுங்கும் வணக்கம்.

'என்னைக் கவர்ந்த கலைஞர்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. ஒரு வயலின் வித்துவானைப் பற்றி அப்பா அழகாக எழுதித் தந்தார். அதையும் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் இன்று அதைப் பேசப் போவதில்லை. மன்னியுங்கள் அப்பா.

நான் பேச வந்தது, இந்த நகரத்தில் தமிழில் முதன்முதலாகக் கன்ட்ரி பாட்டு எழுதிப் பாடிய பெண்ணைப் பற்றி. கிட்டாரும் கௌபோய் தொப்பியுமாகப் பாடுவார்களே, அந்தப் பாட்டு! சிரியுங்கள், பரவாயில்லை. அன்றும் சிரித்தீர்களாம். "உவ என்ன, மாடு மேய்க்கப் போறாவோ?" என்று கேட்டீர்களாம். அவர் பெயர் ஜெயமலர். அப்பாவின் தங்கை. எனக்கு மாமி.

ஓம் அன்ரி, அதே ஜெயமலர்தான்.

மாமிக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. கூட வேலை செய்த அல்பேட் இடைவேளையில் கிட்டார் வாசிப்பார். அவர் பாடும் கன்ட்ரி பாட்டெல்லாம் லொறியைப் பற்றி. "எனக்கு லொறி தெரியாது, பஸ்தான் தெரியும்" என்றார் மாமி. "அப்படியென்றால் பஸ்ஸைப் பாடு" என்றார் அல்பேட். மாமி பாடினார்! குளிரைப் பாடினார், கூலியைப் பாடினார், கால் கடுக்கக் காத்திருந்த காலைகளைப் பாடினார். நம்மைத் தவிர வேறு யாரைப் பாடினார்?

நான் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், இதே மண்டபத்தில், இதே மேடையில் மாமி தொடங்கினார்:

"மெல்லப் போ பஸ்ஸே, மெல்லப் போ,
தோளிலை ஒருத்தி நித்திரை..."

அத்தோடு மைக் நின்றது. பழுதாகி நிற்கவில்லை. ஒரு கை நிறுத்தியது. அந்தக் கை யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கிய கை அது.

"எங்கடை வீட்டுக் கஷ்டத்தைச் சனத்துக்கு முன்னாலை பாடுறியோ? எனக்கு மானம் இல்லையோ?"

"அண்ணை, கஷ்டமில்லாத வீட்டிலை ஆருக்குப் பாட்டு வேணும்?"

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. அதன் பிறகு மாமி வெள்ளைக்காரரின் சந்தைத் திருவிழாக்களில் பாடினார், சின்னச் சின்ன மதுக்கடைகளில் பாடினார். நம் மேடையில் பாடவே இல்லை.

அந்தத் தோளில் தூங்கியது யார்? என் அம்மா! கோழித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, வயிற்றில் என்னைச் சுமந்துகொண்டு, மாமியோடு ஒரே பஸ்ஸில் மல்வேர்னிலுள்ள வீட்டுக்குத் திரும்பிய என் அம்மா! இதிலே என்ன வெட்கம்? உழைத்துக் களைத்தவள் உறங்கியதில் என்ன குற்றம்? அந்த வேலையைச் செய்யாத தாய் இங்கே எத்தனை பேர்? கையை உயர்த்துங்கள் பார்க்கலாம்! ஒரு கையும் இல்லையே!

எங்கள் பஸ் ஸ்ரொப் வந்ததும் மாமி அம்மாவை எழுப்பினாரா, தூங்கட்டும் என்று விட்டாரா? அம்மாவிடம் கேட்டேன். "அதைப் பாட்டிலை கேள்" என்றார். எந்தப் பாட்டில் கேட்பேன்? பாட்டு இங்கே பாதியில் நிற்கிறதே!

போன கிழமை ஒத்திகையில் தலைவர் அவர்கள் எனக்கு ஓர் ஆலோசனை சொன்னார்: "பிள்ளை, பேச்சுக்கு நடுவிலை ஒரு பாட்டு வந்தால் எடுப்பாயிருக்கும்." தலைவர் சொல்லைத் தட்டலாமா? பாட்டு வருகிறது. ஆனால் எனக்குக் குரல் இல்லை. பாட்டுக்காரி கதவடியில் நிற்கிறார். மாமி, போகாதீர்கள்! அம்மா எழுந்து உங்களிடம்தான் வருகிறார். இந்த முறை நீங்கள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

அப்பா, நீங்களும் எழுந்துவிட்டீர்கள். ஆனாலும் மைக்கை விட்டு நகர மாட்டேன். அந்த மைக் சுவிச்சில் கை வைப்பதானால், சத்தத்தைக் கூட்டுவதற்கு வையுங்கள்.

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு என் நன்றி, என் வணக்கம். உங்கள் கைதட்டலை எனக்குத் தராதீர்கள், வைத்திருங்கள். பாட்டு முடியட்டும்.