காதைத் தொட்ட கை

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் காப்பி கொடுப்பதில்லை, மோர்தான். காப்பி என்றால் ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேச உட்கார்ந்துவிடுவார்கள். மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். போன வாரம் வந்த வக்கீல் அப்துல் ரஷீத் மட்டும் மோரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார். படித்தவர்களுக்குக் குறிப்பு புரிவதில்லை.

தருமபுரியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. மெட்ராஸ் ஹைகோர்ட்டில் தொழில். ஏரியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் ஊர் வரைக்கும் பூட்ஸ் காலோடு புழுதியில் நடந்து வந்திருக்கிறார், சென்றாயனுக்காக. சென்றாயன் என் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன். சவுரியப்பன் என்ற வாத்தியாரைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை வாங்கி, இரண்டு வருடமாகச் சேலம் ஜெயிலில் இருக்கிறான். அதற்கு அப்பீல் போட்டிருக்கிறார்கள். பொங்கல் கழிந்து விசாரணைக்கு வருகிறதாம்.

"சார், கொலை நடந்தப்ப பையனுக்குப் பதினாறு வயசுதானுங்க. பதினெட்டுக்குக் கீழன்னா ஆயுள் தண்டனையே குடுத்திருக்கக் கூடாதுங்க. ஸ்கூல் கணக்குல ரெண்டு வயசு கூட இருக்குது. பையனைச் சேத்தது எட்மாஸ்டர் நீங்க. வயசு தப்பா விழுந்துருச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பையன் வூடு வந்து சேர்ந்துருவானுங்க," என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அது மரியாதைக்குச் சொன்னது. யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. பையனுக்கு அப்போது பதினாறுதான். அது அந்த வக்கீலைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊரில் பிள்ளை பெறத் தெரியும், தேதி சொல்லத் தெரியாது. என்றைக்குப் பிறந்தான் என்று கேட்டால், செவலை மாடு கன்று போட்டதற்கு மறுவாரம் என்பார்கள். அதனால் பள்ளியில் சேர்க்க வரும் பிள்ளையை நிற்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. தேதியை நாங்களே போட்டுக்கொள்வோம். என் பள்ளியில் படித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். ஒரு ஊரே ஜூன் மாதத்தில் பிறக்குமா என்று இன்றுவரை எந்த அதிகாரியும் கேட்டதில்லை. அவர்களுக்குத் தேவை தலை எண்ணிக்கை. போதுமான தலை இருந்தால் பள்ளிக்கு இரண்டாவது வாத்தியார் கிடைப்பார். இல்லாவிட்டால் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருவனே தொண்டை வற்றக் கத்த வேண்டும்.

ஆகவே ஆள் குறைந்த வருடங்களில் மூன்று வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வேன். மூக்கைச் சிந்தத் தெரியாதவை, டவுசருக்குள்ளேயே போய்விடுபவை. ஐந்து வயது என்று போட்டு ஒரு மூலையில் உட்கார வைத்தால், தாய்க்காரிகள் நிம்மதியாகக் கூலிக்குப் போவார்கள். ஊருக்கு நான் செய்த உபகாரம் அது. இந்தப் பக்கத்தில் எந்தப் பள்ளியும் செய்யாததை நான் ஒன்றும் செய்துவிடவில்லை.

சென்றாயன் அப்படி வந்தவன்தான். புருசனை இழந்த மாதம்மாள் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். "காவேரில பரிசல் கவுந்துச்சே, அந்த வருசம் பொறந்தானுங்க சார்," என்றாள். அந்த வருடம் எனக்கும் மறக்காது. கவிழ்ந்த பரிசலில் என் சைக்கிளும் ஆற்றோடு போனது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், பையனுக்கு மூன்று. ஐந்து என்று சேர்த்துக்கொண்டேன்.

ஐந்தாவது முடித்த பிறகு அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. பள்ளிக்கூடத்தைப் பெருக்கவும், குடத்தில் தண்ணீர் வைக்கவும், மணி அடிக்கவும் வைத்துக்கொண்டேன். மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. அடிப்பதற்கு ஒரு முழ நீளத்தில் இரும்புக் கம்பி. கம்பியைத் திருடிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள் என்று அவன் ராத்திரி தன் குடிசைக்கே கொண்டுபோவான். அந்தக் கம்பியைத் தொட வேறு யாரையும் விடமாட்டான். அவ்வளவு பெரிய உத்தியோகம் அவனுக்கு.

பிறகு சவுரியப்பன் வந்தான். பள்ளிப்பட்டிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன், முதல் வேலை. புது வாத்தியார்களுக்கு ஒரு நோய் உண்டு, உலகத்தைத் திருத்துவது. சாயங்காலமானால் வீடு வீடாகப் போய்த் தாய்க்காரிகளிடம் பிள்ளைகள் பிறந்த கதையைக் கேட்டான். எந்த வருடம் மழை, எந்த வருடம் மாரியம்மன் பண்டிகை நின்றுபோனது என்றெல்லாம் விசாரித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் சரியான வயதைக் கண்டுபிடித்தான். எண்ணிக்கை குறைந்தால் முதலில் போவது அவன் வேலைதான். அதுகூடத் தெரியாத புத்திசாலி. ஒருநாள் சென்றாயன் பீடி பிடிப்பதைப் பார்த்து, "பதினாறு வயசுல உனக்குப் பீடி கேக்குதாடா?" என்று ஊர் பார்க்க ஒரு அறை விட்டான். பையனுக்குத் தன் வயது தெரிந்ததே அன்றைக்குத்தான்.

அடுத்த வியாழக்கிழமை, பிள்ளைகள் போன பிறகு, சவுரியப்பன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். மறுநாள் தருமபுரிக்குப் போய் அதிகாரியைப் பார்க்கப் போவதாகச் சொன்னான்.

"உங்களைக் காட்டிக் குடுக்கணும்னு இல்லைங்க சார். ஆனா இந்தப் புள்ளைங்கள்ல எவனுக்காச்சும் நாளைக்கு இந்த வயசால ஒரு கெடுதல் வந்தா, யாருங்க பதில் சொல்றது?"

நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. நல்லாசிரியர் விருதுக்கு என் பெயர் போயிருந்தது. முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவனுக்கு முளைத்து மூன்று இலை விடாதவன் பாடம் நடத்துகிறான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையைத் துடைக்கப் போனான். மேலதிகாரிக்கு முதுகைக் காட்டி நிற்பது எனக்குப் பிடிக்காது. மணிக் கம்பி அன்று மேசை மேல்தான் இருந்தது. பள்ளி விடும்போது நீள மணி அடிக்க வேண்டும், பத்துப் பதினைந்து தடவை. அவனுக்கு இரண்டே போதுமாக இருந்தது.

கம்பியை எடுத்துப்போக சென்றாயன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். அலறவில்லை, ஓடவில்லை. "என்னங்க சார்?" என்று மட்டும் கேட்டான். நல்ல பையன். நான் வளர்த்த பிள்ளை அல்லவா.

அவனை உட்கார வைத்து நிதானமாக விளக்கினேன். எனக்கு என்றால் தூக்கு. அவனுக்குப் பதினெட்டு ஆகவில்லை, அதனால் ஜெயில் கிடையாது. ஏதோ ஒரு சீர்திருத்தப் பள்ளியில் போடுவார்கள், மூன்று வேளை சோறு, தையல் வேலை கற்றுக்கொடுப்பார்கள், மீசை முளைப்பதற்குள் திரும்பி வந்துவிடலாம். நான் சொன்னதில் சட்டப்படி ஒரு தவறும் கிடையாது. அவனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"ஆத்தாளுக்கு யாருங்க சார் தண்ணி எடுத்துக் குடுப்பாங்க?"

"நான் பாத்துக்கறேன் போடா," என்றேன்.

கிராம அதிகாரியிடம் அவனை நானே கூட்டிப்போனேன். சொல்லிக்கொடுத்ததை ஒரு பிசகு இல்லாமல் ஒப்பித்தான். அஞ்சு வருடம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து வராதது அன்றைக்கு வந்தது. கம்பி அவன் கையில் இருப்பது, அறை வாங்கிய கோபம், எல்லாமே பொருந்திப்போனது. போலீஸ்காரர்களுக்கு வேலை இல்லை. அவர்களும் பள்ளி அதிகாரிகள் மாதிரிதான், கணக்கு நேராக இருந்தால் சந்தோஷம்.

தருமபுரி கோர்ட்டில்தான் வயது கிளம்பியது. எலும்பைப் படம் எடுத்த டாக்டர், பதினாறும் இருக்கலாம், பத்தொன்பதும் இருக்கலாம் என்றார். அதை நான் படம் எடுக்காமலே சொல்லியிருப்பேன். மாதம்மாள் கூண்டில் ஏறிப் பரிசல் கவிழ்ந்த வருடம் என்றாள். அது எந்த வருடம் என்று அரசு வக்கீல் கேட்டார். பரிசல் கவிழ்ந்த வருடம்தான் என்றாள். கோர்ட்டே சிரித்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளிக் கணக்குப்படி கொலை நடந்த அன்று பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, இந்த வயதைச் சரிபார்த்துத்தான் சேர்த்தீர்களா என்றார்கள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தனை பிள்ளைகளின் வயதும் கிளறப்படும். சவுரியப்பன் எதற்காக வீடு வீடாக அலைந்தான் என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி நேராக என் மேசைக்குத்தான் வரும். முறைப்படிச் சரிபார்த்தேன் என்றேன்.

அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. கூண்டில் நின்ற சென்றாயன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சார் மறந்துவிட்டார் என்று நினைத்தானோ என்னவோ. வலது கையைத் தூக்கி, தலைக்கு மேலே கொண்டுபோய், இடது காதைத் தொட்டுக் காட்டினான். தன் வயது முடிவானது அப்படித்தான் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். போலீஸ்காரர் அவன் கையைத் தட்டிவிட்டார். மறுபடியும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோர்ட்டு மரியாதை தெரியும்.

மாதம்மாள் இப்போதும் என் வீட்டுக்கு வருவாள். அவரைக் கொடி காய்க்கும்போது முந்தானை நிறையக் காய் கொண்டுவந்து படியில் கொட்டுவாள். "பெரிய கோர்ட்டுல நீங்க சொன்னா நம்புவாங்களாமுங்க சார். வக்கீல் சொல்லிட்டுப் போனாரு," என்று நேற்றுகூட வந்து நின்றாள். அவளுக்கும் மோர் கொடுத்தேன். அவள் குடத்தை ஒருநாளும் நான் எடுத்தது கிடையாது. ஓய்வு பெற்ற எட்மாஸ்டர் தெருவில் குடம் தூக்க முடியுமா?

வக்கீலுக்குப் பதில் போட்டுவிட்டேன். வயது சரியானதே, என் பணிக்காலத்தில் ஒரு பிள்ளையின் வயதைக்கூட நான் சோதிக்காமல் போட்டதில்லை என்று எழுதியிருக்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. மாதம்மாள் இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட அன்றைக்கே சென்றாயனையும் நிற்க வைத்துச் சோதித்தேன். கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. அதை ஒரு கையால் பிடித்து இழுத்தேன், இன்னொரு கையால் அவன் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொடுத்தேன். காதை அவன்தான் தொட்டான்.