ஜதீஸ்வரத்தின் நடுவில் நாங்கள் ஏன் நின்றோம்?

திருமலைக் கடற்காற்று உலவும் இந்தக் கலைக்கூடத்திலே கூடியிருக்கும் பெருமக்களே! இவ்விழாவுக்குத் தலைமை தாங்கி, எங்களுக்குச் சான்றிதழ் வழங்கவும் வழங்காமல் விடவும் அதிகாரம் படைத்து வீற்றிருக்கும் நடனப் பரீட்சகர், மதிப்புக்குரிய தவராசா ஐயா அவர்களே! எங்கள் காலுக்குத் தாளமும் வாய்க்குப் பூட்டும் போட முயன்று, முன்னதில் வென்று பின்னதில் தோற்றுப்போன எங்கள் ஆசிரியை யோகாம்பிகை ரீச்சர் அவர்களே! கயிறும் வலையும் விற்கும் தமது கடையின் மேல்மாடியை எங்கள் நடனக்கூடத்துக்கு விட்டுத் தந்து, நாங்கள் தட்டடவு போடும் மாலைகளிலெல்லாம் கீழே இருந்து தூசி குடிக்கும் செயலாளர் ஸெய்னுதீன் ஐயா அவர்களே! குடாவைத் தாண்டியும் வயலைத் தாண்டியும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைக்குச் சலங்கை கட்டிவிட்டு, பிறகு அந்தச் சத்தத்திலே தலையிடிக்கு மருந்து தேடிய எங்கள் அருமைத் தாய்மாரே! நாளை முதல் எங்கள் இடத்தில் முன்வரிசையில் நிற்கப்போகும் தங்கைமாரே! இன்றோடு இந்தக் கூடத்தை விட்டுப் பிரிந்து செல்லும் ஐந்து மாணவிகளின் சார்பில், கிறேஸ் பஸ்தியாம்பிள்ளை உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

பிரியாவிடை உரை என்றால் முதல் வரியிலேயே தொண்டை அடைக்க வேண்டுமாம், இரண்டாம் வரியிலே கண்ணீர் வர வேண்டுமாம். அப்படித்தான் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஆனால், அவையோரே, எனக்கு இன்று அழுகை வரவில்லை. எனக்கு ஒரு கேள்விதான் வருகிறது. என்ன, பின்வரிசையில் சிரிப்பு? ஓம், ஓம், கிறேசுக்குக் கேள்வி வராத நாள் எது என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்றைய கேள்வி என்னுடையது அல்ல. இந்த மேடையில் இருக்கும் தலைவர் கேட்ட கேள்வி. அதற்கு விடை சொல்லாவிட்டால் எங்கள் ஐவரில் ஒருத்தி வெறுங்கையோடு வீடு போகவேண்டும்.

யார் அந்த ஒருத்தி? அதோ, தூணோரம் தலை குனிந்து நிற்கும் சீலா. மூதூரிலிருந்து லோஞ்ச் படகேறி, சலங்கையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தவள். காற்று நாளிலும் வந்தவள், கடல் கொந்தளித்த நாளிலும் வந்தவள். உள்ளூரில் இருக்கும் நாங்கள் மழையைச் சாட்டி வராமல் நின்ற நாட்களிலும் அவள் வந்திருக்கிறாள். நாங்கள் நால்வரும் ஆடுவதற்கான பரீட்சைக்குத் தோற்றினோம். சீலாவோ ஆட்டுவிப்பதற்கான பரீட்சை, அதாவது ஆசிரியத் தரம். மூதூர்ப் பாடசாலை ஒன்று நடன ஆசிரியை வேண்டுமென்று காத்திருக்கிறது. அந்த ஆசிரியைக் கதிரையும் சீலாவும் ஒன்றுசேர, நடுவிலே ஒரு சான்றிதழ் வேண்டும்.

பரீட்சை நாளுக்கு வாருங்கள். இதே மண்டபம். இதே தவராசா ஐயா, இதே மூக்குக்கண்ணாடி, ஆனால் இப்போது இருக்கிற சிரிப்பு அன்று இல்லை. சீலா தாளம் தட்டும் மனைப்பலகைக்கு முன் அமர்ந்து, தட்டுக்கழியைக் கையில் எடுத்து ஜதி சொல்ல, நாங்கள் நால்வரும் ஜதீஸ்வரம் ஆடினோம். அன்று கால்கள் பேசின, கைகள் பேசின, கண்கள் பேசின. நடுப்பகுதி வந்தது. சீலா கழியை மேலே தூக்கினாள். நாங்கள் நின்றோம். வலக்கை நீட்டியபடி, முழங்கால் மடித்தபடி, மூச்சையும் பிடித்தபடி நின்றோம். கொஞ்ச நேரத்தில் கழி இறங்கியது, மீண்டும் ஆடினோம். இங்கே எப்போதும் அப்படித்தான். எங்களுக்கு முன்னிருந்த அக்காமாரும் அதே இடத்தில் நின்றவர்கள்தான்.

ஆடி முடிந்ததும் ஐயா கேட்டார்கள்: "பிள்ளை, நடுவில ஏன் நிப்பாட்டினீர்?"

சீலா சொன்னாள்: "தெரியாது, ஐயா."

"ஆடுற பிள்ளையளுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆட்டுவிக்கிறவருக்குத் தெரியவேணுமல்லோ? ஜதீஸ்வரத்தில கதை இல்லை, பாட்டில பொருள் இல்லை. ஓடுற தாளம் ஒண்டுதான் இருக்கு. அந்தத் தாளத்தையும் பிடிச்சு நிப்பாட்டினால் அதுக்கொரு காரணம் வேண்டாமோ?"

சீலா மீண்டும் சொன்னாள்: "எனக்குத் தெரியாது, ஐயா."

தலைவர் அவர்களே, நீங்கள் அன்று அவளைத் தவறவிடவில்லை. தேறவிடவும் இல்லை. "பிரியாவிடை விழாவுக்கு வருவன், அதுக்கிடையில காரணத்தைக் கண்டுபிடியுங்கோ, கண்டதைச் சபையில சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கண்டிப்பா அது, கருணையா அது? எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

எனக்கோ அன்றிரவு தூக்கம் போயிற்று. கவலையால் அல்ல, ஆவலால்! இத்தனை ஆண்டு நின்றேனே, ஒருநாளாவது ஏன் நிற்கிறோம் என்று கேட்டேனா? காலையில் அப்பா ஏன் இடப்பக்கம் தலைசீவுகிறார் என்று கேட்டவள் நான். மாதா கோயிலில் பூசை நேரம் சுவாமியார் ஏன் இருமுகிறார் என்று கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியவள் நான். என் சொந்தக் கால் ஏன் நிற்கிறது என்று மட்டும் நான் கேட்கவில்லை! மூச்சு வாங்கத்தான் நிற்கிறோம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். எங்களில் இன்னொருத்தி, அது படமெடுக்கிறவருக்காக விட்ட இடம் என்று நினைத்திருந்தாளாம். யார் அவள் என்று சொல்லமாட்டேன். அவள் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்.

முதலில் ரீச்சரிடம் போனோம். அவர் சொன்னார்: "நான் யாழ்ப்பாணத்தில இருந்து இஞ்ச வந்த நேரமே பிள்ளையள் அதில நிண்டவை. எனக்கு முன்னம் இருந்த பெரிய ரீச்சற்ற பாணியாக்கும் எண்டு நினைச்சனான். மூத்தவையின்ர பாணியில கை வைக்கிறது மரியாதையில்லை எண்டு அப்பிடியே விட்டனான்." இந்தக் கூடத்தைத் தொடக்கிய பெரிய ரீச்சரைக் கேட்கலாம் என்றால், அவர் மலாயாவுக்கு மணமாகிப் போய் அங்கேயே காலமாகிவிட்டார்.

அடுத்துச் செயலாளர் ஐயாவிடம் போனோம். கயிற்றை அளந்துகொண்டே அவர் ஒரு வழி சொன்னார்: "கோணேசர் கோயில் மணிக்கு மரியாதையா நிக்கிறம் எண்டு சொல்லுங்க, புள்ள. ஆரு மறுத்துக் கதைக்கப் போறாங்க?" கைதட்டுங்கள், அவையோரே! ஒரு முஸ்லிம் பெரியவர் வேதக்காரக் கிறிஸ்தவப் பிள்ளையான எனக்குக் கோணேசர் பேரால் வழி காட்டுகிறார் என்றால், இந்தத் திருமலை மண்ணைத் தவிர வேறெங்கே அது நடக்கும்? எனக்கு அந்த யோசனை நன்றாகப் பிடித்தது. அதற்கு அலங்காரமாக நாலு வசனமும் உடனே தோன்றிற்று. ஆனால் சீலா தலையை ஆட்டினாள். "ஏலாது, ஐயா. எனக்குத் தெரியாத ஒண்டைக் கொண்டுபோய்ச் சாமியின்ர தலையில கட்ட ஏலாது" என்றாள்.

அந்தச் சொல்லிலே எனக்கு வெட்கமும் வந்தது, அவள்மீது பெருமையும் வந்தது. சரி, அப்படியென்றால் தேடுவோம் என்றேன்.

பெரிய ரீச்சரிடம் முதன்முதல் நடனம் பழகியவர்களில் ஒருவர், புஷ்பவதி அக்கா, தம்பலகாமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார் என்று அறிந்தோம். ஒரு சனிக்கிழமை நானும் சீலாவும் கண்டி வீதி வஸ் ஏறினோம். அக்கா முற்றத்துச் சீமெந்துத் தரையில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தார். "ஆடி எத்தினை வருசம், கால் எல்லாத்தையும் மறந்துபோச்சு, பிள்ளை" என்றார். கால் மறக்குமா? சீலா ஜதியைத் தொடங்கினாள். சேலையை இடுப்பில் செருகினார் அக்கா, நெல்லைக் காலால் ஒதுக்கினார், ஆடினார்! நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். நடுப்பகுதி வந்தது. வழக்கம்போல் சீலா ஜதியை நிறுத்தினாள்.

அக்கா நிற்கவில்லை!

எங்கள் வாய் மூடிக் கிடக்க, தானே பாடி, தானே ஆடி, அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். பாதியில் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "என்ன, பாட மறந்துபோனியளோ?"

"இதில நிக்கிறதல்லோ, அக்கா? நீங்கள் ஏன் நிக்கேல்ல?"

"நான் ஏன் நிக்கவேணும்? இஞ்ச ஆர் சங்கு ஊதினது?"

சங்கு! எந்தச் சங்கு? அவையில் இருக்கும் பெரியவர்களே, உங்களில் சிலர் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில், துறைமுக வேலைத்தலத்தில் வேலை முடிய ஊதுமே, அந்தப் பெரிய சங்கு! நாலு மணிக்கு வகுப்புத் தொடங்கி, அடவெல்லாம் செய்து, அலாரிப்பு முடித்து, ஜதீஸ்வரத்தின் நடுவுக்கு வரும்போது நாலரை ஆகிவிடும். பெரிய ரீச்சர் மணிக்கூட்டைப் போல நேரம் தவறாதவர். சங்கும் நேரம் தவறாதது. "அது ஊதினால் மாடி யன்னலெல்லாம் அதிரும், பிள்ளை. ரீச்சர் தட்டுறது ஆருக்குக் கேக்கும்? கழியைத் தூக்கினா எண்டால் நாங்கள் அப்பிடியே நிப்பம். ஊதி முடிய ஆடுவம். அவ்வளவுதான்" என்றார் அக்கா.

"அவ்வளவுதானோ, அக்கா?"

"வேற என்ன? ஏன், நீங்கள் இப்பவும் நிக்கிறியளோ?" என்று கேட்டவர், எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து நெல்லுக்குள்ளேயே அமர்ந்துவிட்டார்.

வெள்ளைக்காரனின் கடற்படை கப்பலேறிப் போயிற்று. சங்கு ஓய்ந்தது. அதே ஆண்டு பெரிய ரீச்சரும் மலாயாவுக்குப் போனார். ஆனால் பழகிய கால் பழகிய இடத்திலே நின்றது. அந்தக் காலைப் பார்த்துப் பழகிய காலும் நின்றது. சங்கு ஊதியபோது நின்றவர்களுக்குக் காரணம் இருந்தது. சங்கே கேளாத நாங்கள் பழக்கத்தால் நின்றோம். மரியாதையால் நின்றோம். எங்களைப் பார்த்து இந்தச் சின்னத் தங்கைமாரும் நிற்கிறார்கள்!

வஸ்ஸில் திரும்பும்போது சீலா சிரிக்கவில்லை. "இதைச் சபையில சொன்னால் ரீச்சற்ற முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது, கிறேஸ்? எனக்குச் சான்றிதழ் இல்லாட்டிலும் பரவாயில்லை" என்றாள். விடை கையில் கிடைத்த பிறகும் அதை விட்டுக்கொடுக்கத் துணிந்தாள், அவையோரே! நான்தான் பொறுக்கமாட்டாமல் நேரே ரீச்சரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். ரீச்சரின் கண் கலங்கிற்று. ஆனால் அவர் சொன்னதைக் கேளுங்கள்: "சொல்லுங்கோ. நான் வந்த அண்டைக்கே கேட்டிருக்கவேணும், கேக்கேல்ல. அதையும் சேத்துச் சொல்லுங்கோ."

இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? ரீச்சர், உங்களிடம் நாங்கள் அடவு படித்தோம், அபிநயம் படித்தோம். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பாடத்தை அன்றுதான் படித்தோம்.

ஆகவே, தங்கைமாரே, உங்களுக்குச் சொல்கிறேன். மூத்தவர்கள் தந்ததைக் கையேந்தி வாங்குங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கேளுங்கள்! ஏன் என்று கேளுங்கள், எதற்கு என்று கேளுங்கள், எங்கேயிருந்து வந்தது என்று கேளுங்கள். பணிவோடு கேளுங்கள், பயமில்லாமல் கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள்! கேட்பது மரியாதைக் குறைவு என்று யார் சொன்னது? பெரிய ரீச்சர் இருந்திருந்தால், நாங்கள் ஒன்றுமில்லாத காற்றுக்கு நிற்பதைப் பார்த்து, "ஏனடி பிள்ளையள் நிக்கிறியள்?" என்று அவரே முதலில் கேட்டிருக்கமாட்டாரா?

தலைவர் அவர்களே! நீங்கள் கேட்ட காரணம் இதுதான். இதில் கோயிலும் இல்லை, புராணமும் இல்லை. அலங்காரம் செய்ய எனக்கு ஆசைதான், சீலா விடவில்லை. இனி உங்கள் தீர்ப்பு.

ஐயா எழும்புகிறார்கள். அமைதி, அமைதி. சீலாவை முன்னுக்கு வரச் சொல்கிறார்கள். போ, சீலா. தம்பிமாரே, வழி விடுங்கள். அவர்கள் கதைப்பது பின்னுக்குக் கேட்காது; ஒலிவாங்கியின் வயர் எட்டாது. நானே சொல்கிறேன்.

ஐயா கேட்கிறார்கள்: "சரி, காரணம் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு நீர் படிப்பிக்கேக்க அந்த இடத்தில பிள்ளையளை நிப்பாட்டுவீரோ, மாட்டீரோ?"

சீலா யோசிக்கிறாள். அவளுடைய அம்மா எழுந்து நிற்கிறார். இருங்கள் அம்மா, சொல்லுவாள்.

சீலா சொல்கிறாள்: "முதல்ல நிப்பாட்டுவன், ஐயா. ஏன் எண்டு ஒரு பிள்ளை கேக்கும்வரைக்கும் நிப்பாட்டுவன். கேட்டால் காரணத்தைச் சொல்லிப்போட்டு, பிறகு நிக்காமல் ஆடவிடுவன்."

ஐயா சிரிக்கிறார்கள். அன்று காணாத சிரிப்பு. கையை நீட்டுகிறார்கள். சான்றிதழ்! வாங்கு, சீலா, இரண்டு கையாலும் வாங்கு! யோகாம்பிகை ரீச்சர் மேடையென்றும் பாராமல் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடிக்கிறார். எனக்கு வராது என்று சொன்ன அழுகை இப்போது வந்துவிட்டது, அவையோரே, மன்னித்துக்கொள்ளுங்கள்.

வளர்த்த கூடத்துக்கும், வளைத்துக் கேட்ட தலைவருக்கும், தூசி குடித்த செயலாளருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் எங்கள் ஐவரின் நன்றி. எல்லோருக்கும் வணக்கம் சொல்லி முடிக்கவேண்டியவள் நான். ஆனால் இன்று முதல் வணக்கம், இத்தனை ஆண்டும் நான் 'அடி' போட்டுக் கூப்பிட்டவளுக்கு.

சீலா ரீச்சர், வணக்கம்!