மாதிரி எண்ணுக்குச் சொந்தக்காரி

ஆட்டம், பாட்டு, பலகுரல், பரிசளிப்பு அத்தனையையும் தாங்கிக்கொண்டு, இன்னும் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் விழாத் தலைவரும், எங்கள் குடும்பங்களுக்குச் சம்பளம் தரும் நிறுவனத் தலைவருமான ஐயா அவர்களே! அவருக்குப் பக்கத்தில் என்னைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மேலாளர் ஐயா அவர்களே! பிழை தேடித் தேடிக் கண் சிவந்த அக்காமார்களே! எழுதிய நிரல் ஓடாத துயரத்தைக் காப்பியில் கரைத்துக் குடித்த அண்ணன்மார்களே! 'எங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்குறாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல' என்று பக்கத்து நாற்காலியில் கிசுகிசுக்கும் தாய்மார்களே! அவர்களையும் பெற்று வளர்த்த பெரியோர்களே! மூன்றாம் வரிசையில், மடியில் போனைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கையையும் வைத்திருக்கும் என் அம்மா! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

தாள் சலசலப்பது மைக்கிலேயே கேட்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தந்த தலைப்பு, 'என் அம்மாவின் வேலை'. அதற்கு அம்மாவே ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தார். நல்ல பேச்சு. அதில் எல்லோருக்கும் நன்றி இருக்கிறது, யாருக்கும் வலி இல்லை. அதை மனப்பாடம் செய்து, நேற்று சமையலறையில் ஒப்பித்தும் காட்டினேன். இப்போது நான் பேசப்போவது அதுவல்ல. அம்மா, எழுந்து வராதே. சொல்லி முடித்ததும் நானே இறங்கிவிடுகிறேன்.

தாய்மார்களே, உங்களுக்காக முதலில் ஒரு விளக்கம். நம் நிறுவனம் செய்திகளைச் சுமக்கும் நிறுவனம். கடையிலிருந்து 'உங்கள் பொருள் புறப்பட்டது', மருத்துவமனையிலிருந்து 'நாளை காலை வரவும்', பள்ளியிலிருந்து 'உங்கள் மகள் இன்று வரவில்லை'. இப்படி உங்கள் போனுக்கு வருபவற்றில் பல, நம் தோளில் ஏறித்தான் வருகின்றன. கடைக்கும் பள்ளிக்கும் செயலி எழுதுபவர்கள், நம் சேவையை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொள்ள ஒரு வழிகாட்டிப் பக்கம் இருக்கிறது. அதை எழுதியவர் என் அம்மா. அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் சில வரிகளில் மாதிரி நிரல், அதாவது கணினிக்கு எழுதும் கட்டளைகள். யாருக்கு அனுப்புவது? ஓர் எண். எதை அனுப்புவது? ஒரு வாக்கியம். அவ்வளவுதான். ஆனால் அது பூட்டிய கட்டம். அங்கேயே எதையும் திருத்த முடியாது. நகலெடுத்துப் போய், தங்கள் கணினியில் ஒட்டி, அங்கேதான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் எண் யாருடையது? அமைச்சருடையதா? நடிகருடையதா? இல்லை. மூன்றாம் வரிசையில் ஒரு கை பொத்திக்கொண்டிருக்கிறதே, அந்தப் போனுடைய எண்.

பக்கம் வெளியாக வேண்டிய அன்று ஒரே அவசரம். பொய் எண் போட்டால் மாதிரி ஓடாது. ஓடாத மாதிரியை ஊருக்குக் காட்ட முடியாது. "இப்போதைக்கு உங்க நம்பரையே போட்டுடுங்க மேடம், அடுத்த வெளியீட்டுல மாத்திக்கலாம்" என்று ஒருவர் சொன்னார். யார் என்று நான் சொல்ல மாட்டேன். மேலாளர் ஐயா, கடிகாரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறீர்களே, நன்றி ஐயா.

அடுத்த வெளியீடு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. வெளியீடுகள் வந்தன, போயின. எண் மட்டும் எங்கும் போகவில்லை.

அன்றிலிருந்து, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாராவது புதிதாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினால், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அதிரும். 'வணக்கம், இது ஒரு சோதனைச் செய்தி.' குளிக்கும்போது சோதனை. குழம்பு கொதிக்கும்போது சோதனை. துணி மடிக்கும்போது சோதனை. அம்மா கோபப்பட்டதே இல்லை. "விடுடி, பசங்க கத்துக்கறாங்க" என்பார்.

பசங்களும் நல்ல பசங்கதான். வாக்கியத்தை ஆசை ஆசையாக மாற்றுவார்கள். எண்ணை மாற்றத்தான் மறந்துவிடுவார்கள். 'உங்கள் செருப்பு புறப்பட்டுவிட்டது' என்று வரும். 'வாழ்த்துகள், நீங்கள் அப்பா ஆகிவிட்டீர்கள்' என்று அம்மாவுக்கு வரும். ஒரு நாள் 'அன்பே, கோபமா?' என்று வரிசையாக வந்து விழுந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாரு இந்த 'அன்பே'?"

"யாரோ ஒரு பையன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கறது எப்படின்னு கத்துக்கறான்."

"நான்கூட இத்தனை தடவை கேட்டதில்லையே."

"அது எனக்கும் ஞாபகம் இருக்கு."

சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்துச் சிரித்தே களைத்துப்போன வீடு எங்களுடையது.

இனி வருவதைச் சொல்லத்தான் எனக்குப் பயம். சொல்லிவிடுகிறேன். எனக்கு வலிப்பு வரும். எப்போதாவதுதான். வந்தால், பள்ளி அலுவலகத்திலிருந்து அம்மாவுக்கு உடனே செய்தி போகும். அம்மா வந்து மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அந்தப் பள்ளிச் செயலியை எழுதியவரும் நம் பக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்தான். மாதிரியில் இருந்த எண்ணை மாற்றாமலே, வேறு பள்ளிகளுக்காக அவர் செயலியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு வந்தது இது: 'உங்கள் மகள் வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாள். உடனே வரவும்.'

அம்மா எப்படி வந்து சேர்ந்தார் என்று தெரியாது. வகுப்பு வாசலில் மூச்சிரைத்துக்கொண்டு நின்றார். நான் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தேன்.

"என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார் கணக்கு டீச்சர்.

"ஒண்ணுமில்ல டீச்சர். சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

பின்பெஞ்சில் ஒருத்தி, "ஏய், டிக்கெட் செக்கர் வந்துட்டாங்கடி, எல்லாரும் டிக்கெட்டை எடுங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. மறுபடியும் அதே செய்தி வந்தது. மறுபடியும் அம்மா ஓடி வந்தார். மறுபடியும் நான் நன்றாகத்தான் இருந்தேன். அதற்குப் பிறகும் வந்தது.

அப்புறம் ஒரு நாள் நான் உண்மையாகவே விழுந்தேன்.

கண் விழித்தபோது ஓய்வறைக் கட்டிலில் கிடந்தேன். அலுவலக அக்கா போனைக் காட்டினார். "செய்தி போய்ச் சேர்ந்துடுச்சும்மா. பாரு, பச்சைக் குறி வந்திருக்கு. அம்மா வந்துட்டே இருப்பாங்க." நான் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. விளையாட்டு மணி அடித்தது. வீட்டுக்குப் போகும் மணியும் அடித்தது. வழக்கமான நேரத்துக்கு, வழக்கம்போல வாசலுக்கு வந்த அம்மா, என்னை ஓர் ஆயா தாங்கிக் கூட்டி வருவதைப் பார்த்தார். அவர் அழவில்லை. ஆட்டோவில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னார்: "நான் பாத்தேன்டி. பாத்துட்டுத்தான் கவுத்து வச்சேன்."

அவையோரே, உங்களைக் கேட்கிறேன். சேர்ந்தது என்றால் போதுமா? நம் நிறுவனத்தின் பெருமையெல்லாம் அந்தப் பச்சைக் குறியில் இருக்கிறது. சேர்ந்ததை நம்ப முடிந்ததா என்று காட்ட நம்மிடம் எந்தக் குறி இருக்கிறது? பொய் வந்தது, பச்சைக் குறி. மெய் வந்தது, அதே பச்சைக் குறி. ஓடி ஓடிக் கால் ஓய்ந்த தாய் உட்கார்ந்துவிட்டாள். அதற்கும் பச்சைக் குறிதானே?

அன்று முதல் அம்மா ஒவ்வொரு செய்திக்கும் பள்ளிக்குப் போன் செய்கிறார். "மேடம், இன்னைக்கு நீங்க எத்தனை தடவை கேட்டுட்டீங்க, உங்க பொண்ணு நல்லா இருக்கா" என்று அலுவலக அக்கா சலித்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரும் களைத்துவிட்டார்.

பின்னால் ஓர் அண்ணா ஏதோ கேட்கிறார். சத்தமாகக் கேளுங்கள் அண்ணா. "உங்கம்மா நம்பரை மாத்திட வேண்டியதுதானே?" நானும் இதைத்தான் அம்மாவிடம் கேட்டேன். "நான் விட்டுட்டா அந்த நம்பரை வேற யாருக்காவது குடுப்பாங்கடி. அவளுக்கும் ஒரு பொண்ணு இருந்தா? எனக்காவது இது எங்கிருந்து வருதுன்னு தெரியும். அவ யாரைக் கேப்பா?" என்றார். அவள் யாரைக் கேட்பாள், நீங்களே சொல்லுங்கள் அண்ணா.

இன்னொருவர் கேட்கிறார், நம் சேவையிலிருந்து அந்த எண்ணுக்குச் செய்தியே போகாமல் தடுத்துவிடலாமே என்று. தடுத்துப் பார்த்தார்களே! மாதிரி ஓடவில்லை என்று ஊரெல்லாம் புகார். மறுநாளே திறந்துவிட்டார்கள். தடுத்தால் பள்ளிச் செய்தியும் சேர்ந்தே தடைபடும் என்பது தனிக் கதை.

சரி, இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. என் அம்மாவே கண்டுபிடித்த வழி. கட்டத்தின் பூட்டைத் திறந்துவிட வேண்டும். படிக்க வருபவர் அந்தப் பக்கத்திலேயே, அந்தக் கட்டத்துக்குள்ளேயே, தன் கையாலேயே மாதிரியைத் திருத்தலாம். எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். தன் எண்ணைப் போடுவார். 'ஓட்டு' என்ற பொத்தானை அழுத்துவார். செய்தி அவர் சட்டைப்பையிலேயே அதிரும். வாக்கியத்தை மாற்றுவார், மறுபடி அதிரும். தப்பாக மாற்றினால் எந்த வரியில் தப்பு என்று கட்டமே காட்டும். இதை அம்மாவும், அலுவலகமே 'கட்டம்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் அந்த நிரலாளர் அண்ணாவும், வேலை நேரம் போக மீதி நேரத்தில் செய்து முடித்துவிட்டார்கள். கூட்டத்தில் காட்டினார்கள். வந்த பதில்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்பரைப் போடுன்னு சொன்னா வர்றவங்க ஓடிடுவாங்க. அடுத்த வெளியீட்டுல பாக்கலாம்." நாளை காலை அந்த அடுத்த வெளியீடு. அதிலும் பூட்டிய கட்டம். அதிலும் அம்மாவின் எண்.

ஐயா, ஓடிப்போவார்களா? தன் எண்ணைப் போடச் சொன்னால் ஒருவன் ஓடிப்போவான் என்றால், அவன் யார் எண்ணுக்கு எதை அனுப்பப் போகிறான்? பூட்டிய மாதிரி பிறர் வீட்டுப் பொருள். அதைப் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம், அதன் பாரம் தெரியாது. திருத்த முடிந்த மாதிரி அவனுடையது. 'உங்கள் மகள் மயங்கி விழுந்துவிட்டாள்' என்று எழுதுகிறவன், அதை முதலில் தன் கையில் வாங்கிப் பார்க்கட்டும்! தன் பை அதிரட்டும்! தன் நெஞ்சு ஒரு கணம் நிற்கட்டும்! நின்ற நெஞ்சோடு அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படிக்கட்டும்! எந்த மகள், எந்தப் பள்ளி, யாரை அழைப்பது என்று அதில் சேர்க்க வேண்டும் என அப்போது அவனுக்கே தோன்றாதா? எந்தப் பாடப் பக்கம் இதைவிட நன்றாகக் கற்றுத் தரும்?

இந்த அவையில் ஒன்று கேட்கிறேன். அந்த மாதிரியை எண் மாற்றாமல் ஒரு முறையாவது ஓட்டியவர்கள் கை தூக்குங்கள். பயப்படாதீர்கள், பயமெல்லாம் என்னிடமே இருக்கிறது. ஒன்று... அங்கே இரண்டு... அடேயப்பா, நடு வரிசை முழுவதுமா? மேலாளர் ஐயா, நன்றி. தலைவர் ஐயா... ஐயா, உங்கள் கையுமா?

"ஆமாம்மா. வெளியூர்க்காரங்களுக்கு டெமோ காட்டறப்ப அனுப்பினேன். யாருக்குப் போகுதுன்னு நான் கேக்கவே இல்ல."

தலைவரே சொல்லிவிட்டார், மைக் இல்லாமலே கேட்டது. அவர் திரும்பி 'கட்டம்' அண்ணாவைக் கேட்கிறார். "நாளைக்குக் காலைல இதைப் போட்டுட முடியுமாப்பா?"

"அது எப்பவோ ரெடி சார். நீங்க சரின்னா போதும்."

"சரி. போட்டுடு."

கை தட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நன்றி ஐயா. மனமார நன்றி. ஆனால் நாளைக்கே எங்கள் வீடு அமைதியாகிவிடாது. பழைய நகல்கள் எங்கெங்கோ கிடக்கின்றன, யார் யார் கணினியிலோ, யார் யார் பாடத்திலோ. அவை இன்னும் பல நாள் அம்மாவைத் தட்டிக்கொண்டுதான் இருக்கும். புதிதாகப் பெருகாது, அவ்வளவுதான். அந்த அளவுக்கு மூச்சு விட்டால் போதும் எங்களுக்கு. அம்மா எழுதிக் கொடுத்ததைப் பேசாமல் விட்டதற்கு அம்மாவின் மேல் யாரும் கோபப்பட வேண்டாம். கோபம் இருந்தால் அது என் கணக்கு.

அம்மா, இவ்வளவு நேரமும் உன் விரலுக்குக் கீழே அது அதிர்ந்துகொண்டே இருந்தது, நான் இங்கிருந்தே பார்த்தேன். ஒவ்வொரு முறையும் குனிந்து படித்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் உன் கண்ணெதிரில்தான் நிற்கிறேன் அம்மா. இரண்டு காலில் நிற்கிறேன். என்னைப் பற்றி இந்த நேரத்தில் யாரும் உனக்குச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. அதை அணைத்துப் பைக்குள் போடு. விழா முடியும்வரை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார். அந்த வரிசையில் உன் பக்கத்தில் வந்து நானும் உட்காரப் போகிறேன்.

பேச்சு நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் பேசவிட்ட அவைக்கும், கை தூக்கிய நேர்மைக்கும், கேட்டுக் களைத்த செவிகளுக்கும் என் நன்றி. இறங்குகிறேன், வணக்கம்.