இடது முனையில் மாப்பிள்ளை

சாஸேஜை முதலில் வெங்காயம் போட்ட பீரில் வேகவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நெருப்பில் போட வேண்டும். நேரே நெருப்பில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தோல் வெடித்து, கொழுப்பெல்லாம் கரியில் ஒழுகி, கடைசியில் செருப்பு வார் மாதிரி ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு, அதோடு ஆட்டத்தைப் பற்றிக் கருத்தும் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்களிடம்கூட நான் மரியாதை தவறி நடந்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், தம்பி.

வக்கீல் வேண்டாம். காபி போதும். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, என் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். காரணம் ரஸ் டெபாவ். சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறானே, அவன்தான். என் மாப்பிள்ளைக்கு நடந்ததெல்லாம் தன்னால்தான் என்று ஒரு வாரமாக ஊர் முழுக்க அழுதுகொண்டு திரிகிறான். தேவாலயத்தில் பூசைக்கு நடுவே எழுந்து நின்றும் அழுதிருக்கிறான். ஆறரை அடி மனிதன் அழுவது பார்க்க நன்றாக இல்லை. அதோடு, எங்கள் ஹோலாட்டா வீட்டுக் காரியம் ஒன்றுக்கு டெபாவ் வீட்டார் பெயர் வாங்கிக்கொண்டு போவதை நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவன் தள்ளினான், அவ்வளவுதான். செய்தது நான்.

மைதானத்தின் கிழக்கு வாசலை ஒட்டி, விளக்குக் கம்பத்தடியில், ஆட்டத்துக்கு முன்னால் சமைத்துச் சாப்பிட எங்கள் வண்டி நிற்கும் இடம் உங்களுக்குத் தெரியும். உங்கள் அப்பா அங்கே வந்து நின்று எங்கள் அண்டாவிலிருந்து பூயா கறிக்குழம்பு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். நம் டீம் இந்த ஊரில் ஆடுகிற ஒவ்வொரு ஞாயிறும், ஆட்டத்துக்கு முன்னால், ஹோலாட்டா வீட்டுப் பெரியவர் வண்டியின் கீழே மடக்கிவிட்ட பின்கதவில் ஏறி நின்று 'எதிருக்கெதிர்' சொல்வார். யாருக்கு எதிரே யார், எவன் எவனை வெல்வான். மூன்று ஜோடி. என் தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், பிறகு நான். பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லோரும் அடுப்பை விட்டுவிட்டு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்பார்கள். பாதிரியாருக்குக்கூட அவ்வளவு அமைதி கிடைப்பதில்லை.

மூன்றாவது ஜோடியைச் சொல்வதோடு விடமாட்டோம். செய்து காட்டுவோம். கூட்டத்திலிருந்து நான் இரண்டு பேரைக் கூப்பிடுவேன். ஒருவர் நம் ஆள், ஒருவர் எதிராளி. கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பார்கள். நான் குரல் கொடுத்ததும் ஒரே ஒரு மோதல். கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. இதுவரை யாரும் சொன்னதில்லை. பல் டாக்டர் ஒருவர் புதுக் கோட்டோடு வந்து மோதியிருக்கிறார்.

அங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்கிற அம்மாவுக்கு நம் ஃபுட்பால் ஆட்டம் தெரியாது போலிருக்கிறது. அவருக்காகச் சொல்கிறேன். பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். வலது கையால் எறிகிறவருக்கு இடப்பக்கம் முதுகுப் பக்கமாகிவிடும், அங்கிருந்து யார் சாய்க்க வந்தாலும் தெரியாது. அந்தப் பக்கம் நின்று அவருடைய முதுகைக் காக்கிறவர் இடது டேக்கில். நம் டீமில் அவர் பெயர் ஹாலக். தங்கமான மனிதர், கொஞ்சம் கனத்துவிட்டார்.

இனி மாப்பிள்ளையைப் பற்றி. பெயர் டெரக் ஃபென்விக். மாநில எல்லைக்குத் தெற்கே உள்ள அந்தப் பெரிய ஊரில் பிறந்தவர். அந்த ஊரின் பெயரை நான் சொல்வதில்லை. அவர்கள் டீம்தான் நமக்குப் பரம எதிரி. என் மகள் ஜோலீன் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தபோது அவர் நம் டீம் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். விலைச் சீட்டின் நூல் கழுத்தில் தொங்கியது. கையைக் கொடுத்து, "வாங்க மாப்பிள்ளை" என்றேன். நல்ல மனிதர்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பார், என்னை 'மாமா' என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அது எவ்வளவு எரிச்சலான விஷயம் என்று உங்களுக்குக் கல்யாண வயதில் மகள் இருந்தால் தெரியும்.

இந்தப் பருவத்தில் ஒரு ஞாயிறு, ஹாலக் இன்று மதில் மாதிரி நிற்பார் என்று நான் சொல்லி முடித்தேன். மாப்பிள்ளை கையைத் தூக்கினார். பள்ளிக்கூடம் மாதிரி.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. ஹாலக்குக்கு இடுப்பு திரும்ப மாட்டேங்குது. வெளிப்பக்கம் வர்ற மாதிரி ஏமாத்திட்டு உள்ள பாஞ்சா, அவரால நிறுத்த முடியாது."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மாலை அப்படியே நடந்தது. அடுத்த ஆட்டத்திலும் நடந்தது. தற்செயல் என்று ஒன்று உண்டு அல்லவா, அது அவருக்குத் தொடர்ந்து கிடைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஞாயிறு நான் பின்கதவில் ஏறி நின்றேன். மூன்று ஜோடியும் சொன்னேன். யாரும் தலையாட்டவில்லை. ரஸ் டெபாவ் வாயில் பாலாடைக்கட்டியை மென்றுகொண்டே, "அதெல்லாம் சரிண்ணே, உங்க மாப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்று கேட்டான். எல்லோரும் திரும்பினார்கள். எனக்கு முதுகு. அவருக்கு முகம். என் தாத்தாவின் வண்டிக் கதவில் நான் நின்றுகொண்டிருக்கிறேன், தெற்கத்தி ஊர்க்காரர் ஒருவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி எதிருக்கெதிர் சொல்கிறார்.

அதற்கும் நான் கோபப்படவில்லை. "மாப்பிள்ளை சொல்றது சரிதான்" என்றுகூடச் சொன்னேன். ஜோலீன் வீட்டுக்கு வந்ததும் என் கன்னத்தில் முத்தமிட்டு, "அப்பா, நீங்க பெருந்தன்மையானவர்" என்றாள். உண்மை.

போன ஞாயிறு தெற்கத்தியார் இங்கே வந்தார்கள். அவர்களிடம் வைன்ஸ் என்று ஒருவன் இருக்கிறான், குவார்ட்டர்பேக்கைச் சாய்க்க நம் இடப்பக்கமாகப் பாய்ந்து வருகிறவன். ஊரில் வேறு பேச்சே இல்லை, ஹாலக்கா, வைன்ஸா என்பதுதான். நாங்கள் காலையிலேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். நல்ல குளிர். துப்பினால் தரையில் விழும்போது கல்லாக இருக்கும். பீர் வைத்திருந்த பெட்டியில் முந்தைய நாள் தண்ணீர் கிடந்தது, கொட்டினேன். எல்லோரும் எங்காவது கொட்டத்தான் செய்கிறார்கள். நான் விளக்குக் கம்பத்துக்கு இடப்பக்கம் கொட்டினேன். எங்கள் மோதலில் இடது டேக்கிலாக நிற்கிறவரின் இடம் அதுதான். மேலே கொஞ்சம் தூள்பனியைத் தூவி விட்டேன், ஈரமாகத் தெரிந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும்.

கூட்டம் சேர்ந்தது. ஏறி நின்றேன்.

"மொத ஜோடி. பந்து பிடிக்கிற நம்ம கோர்ட்டி, அவனை மறிக்கிற அவங்க மூலைக் காவல்காரன். கோர்ட்டி தென்னை, அவன் செடி. பந்தை மேல தூக்கிப் போட்டா போதும்."

"ஆமாண்ணே!"

"ரெண்டாவது. பந்தைத் தூக்கிட்டு ஓடுற அவங்க ஓட்டக்காரன், நம்ம நடு வரிசை. முட்டிப் பார்ப்பான், மூக்கை உடைச்சுக்கிட்டுத் திரும்பிப் போவான்."

"மூணாவதுக்கு வாங்கண்ணே," என்றான் ரஸ். "அதுக்குத்தான் நிக்கிறோம்."

"ஹாலக். வைன்ஸ் இன்னிக்கு நம்ம குவார்ட்டர்பேக் நிழலைக்கூடத் தொட மாட்டான்."

ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. மாப்பிள்ளை தன் காலணியைப் பார்த்துக்கொண்டு, "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"அட, மாமனாருக்குப் பயந்து மழுப்புறாரு பாரு," என்றான் ரஸ். "வீட்டுல சோறு கெடைக்காதுன்னு கவலையா? நான் போடுறேன், சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, சொன்னார். வைன்ஸ் வெளியே இரண்டு அடி வைப்பான். ஹாலக் நம்பி வெளிக்காலில் எடையைப் போடுவார். அந்த நொடியில் உள்ளே பாய்ந்துவிடுவான். "நான் சொல்றது நடக்கக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிறேன், மாமா," என்று முடித்தார். பணிவாகத்தான் பேசினார்.

"பேச்சு எதுக்கு? செஞ்சு பார்த்துடுவோம்," என்றேன். "ரஸ், நீ வைன்ஸ். மாப்பிள்ளை, நீங்க ஹாலக். இடது முனைக்கு வாங்க."

இங்கே ஒரு விவரம். போன வசந்தத்தில் மாப்பிள்ளை கூரைத் தகரத்தைச் சரிபார்க்க ஏணியில் ஏறி விழுந்தார். கழுத்து எலும்பு இரண்டைத் தகடு வைத்து இணைத்தார்கள். தலையில் ஒரு நல்ல அடி விழுந்தால் அதோடு சரி என்று டாக்டர் சொன்னபோது அறையில் மூன்று பேர் இருந்தோம். அவர், ஜோலீன், நான். "மாமா, வெளிய யாருக்கும் சொல்லாதீங்க. பாவம்னு பார்ப்பாங்க," என்று கேட்டுக்கொண்டார். நான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை மீறுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அன்றைக்கும் மீறவில்லை.

அவர் கழுத்துத் துணியைத் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "மாமா..." என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"நம்ம வழக்கம் தெரியும்ல? கூப்பிட்டு வராத ஆள் இங்க யாரும் இல்லை."

அவர் ஜோலீனைத் தேடினார். அவள் அங்கே இல்லை. கடுகு விழுது தீர்ந்துவிட்டது, வாங்கிக்கொண்டு வா என்று கடைக்கு அனுப்பியிருந்தேன். கடுகு என் இருக்கைக்கு அடியில் இருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அத்தனை பேரும் அவரைத் தாங்கியிருப்பார்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் ஹோலாட்டா வீட்டு மாப்பிள்ளை பின்வாங்கினார் என்று பேச்சு வரக் கூடாது என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் அவரை எனக்குப் பிடித்திருந்தது.

ரஸ் என் காதருகே வந்து, "மெதுவாத்தாண்ணே வருவேன்" என்றான்.

"மெதுவா வந்தா அவருக்கு அவமானம்டா. போன தடவை நீ பஞ்சுப் பொம்மை மாதிரி மோதினேன்னு அவரே சொல்லிச் சிரிச்சாரு," என்றேன். மாப்பிள்ளை அப்படிச் சொன்னதே இல்லை. ரஸ்ஸின் காது சிவந்தது.

குரல் கொடுத்தேன். ரஸ் வெளியே இரண்டு அடி வைத்தான். மாப்பிள்ளை வெளிக்காலில் எடையைப் போட்டார், கால் பனிக்கட்டியில் போயிற்று, ரஸ்ஸின் நெஞ்சு அவர் நெற்றியில் இடித்தது. ஹாலக்கைப் பற்றிச் சொன்னதை மனிதர் அப்படியே செய்து காட்டிவிட்டார். அந்தப் பெருமையை அவரிடமிருந்து நான் பறிக்க மாட்டேன்.

மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. "மாமா, கழுத்து... என்னைத் தூக்காதீங்க," என்றார். தெளிவாகச் சொன்னார். கை விரல்கள் அசைந்துகொண்டிருந்தன, பத்தும். நான் குனிந்து பார்த்தேன்.

தன்னார்வத் தீயணைப்புப் படையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான், தம்பி. கழுத்தில் அடிபட்டவரை அசைக்கவே கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுத்தவனும் நான்தான். அதனால்தான் ரஸ்ஸும் மற்றவர்களும் என் முகத்தைப் பார்த்தார்கள், என்ன செய்வது என்று. முன்பெல்லாம் பார்ப்பார்களே, அப்படி.

"தரையில கெடந்தா மரியாதையா இருக்காது. தூக்கி நாற்காலியில உட்கார வைங்க," என்றேன்.

நான்கு பேர் தூக்கினார்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உட்கார வைத்த பிறகு விரல்களைப் பார்த்தேன். அசையவில்லை. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன்.

ஜோலீன் கடுகோடு வந்து, ஆம்புலன்ஸில் ஏறிப் போனாள். நான் ஆட்டம் பார்க்க மைதானத்துக்குள் போனேன். எங்கள் குடும்ப இருக்கை எந்த ஆட்டத்துக்கும் காலியாக இருந்ததில்லை. வைன்ஸ் நம் குவார்ட்டர்பேக்கை நான்கு முறை சாய்த்தான், நான்கும் உள்பக்கமாக. தரை வழுக்கியது. வழுக்குகிற தரையில் எந்த டேக்கிலாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று பக்கத்து இருக்கைக்காரருக்கு விளக்கினேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

ஆக, ரஸ் டெபாவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தண்ணீர் என்னுடையது, பொய் என்னுடையது, தூக்கச் சொன்னதும் நான். இதில் பொறாமை என்று எதையாவது எழுதிவிடாதீர்கள். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பெரியவர்கள் பேசும்போது பேசாமல் கேட்கத் தெரிய வேண்டும், அது ஒன்றுதான் குறை.

நேற்று மருத்துவமனைக்குப் போயிருந்தேன். ஜோலீன் காபி வாங்கக் கீழே இறங்கிப் போன நேரம். தொண்டையில் குழாய் இருக்கிறது, இமை மட்டும் அசைகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கான எதிருக்கெதிரை மூன்று ஜோடியும் நிதானமாகச் சொன்னேன். ஹாலக் இந்த முறை மதில் மாதிரி நிற்பார் என்றும் சொன்னேன். மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு கடைசிவரை கேட்டார், ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. எங்களுக்குள் இப்போது எந்த மனக்கசப்பும் இல்லை.