இடைவெளி இல்லாத ஆஸ்பத்திரி

சூப் குடிக்கும் நேரத்துக்குக் கிரெடிட் கிடையாது. பல டாக்டர்கள் ஓய்வு பெறும் நாள்வரை இதைப் புரிந்துகொள்வதே இல்லை. பன்னிரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்து, காட்டரிசி சூப்பை உறிஞ்சி முடித்து, பன்னிரண்டே காலுக்குப் பேச்சாளர் வாயைத் திறந்து ஒரு மணிக்கு மூடினால், அது முக்கால் மணி நேரப் படிப்பு, அதாவது முக்கால் கிரெடிட். எங்கள் கணக்கெல்லாம் கால் காலாகத்தான். டாக்டர் எவரெட் ருக்காவினா பத்தொன்பது வருஷம் இதற்காக என்னிடம் மல்லுக்கு நின்றார்.

"மார்லிஸ், சூப் குடிக்கறப்பவும் நான் யோசிச்சுக்கிட்டுதானே இருக்கேன்?"

"தாராளமா யோசிங்க டாக்டர். முக்கால்தான் போடுவேன்."

நீங்கள் புலனாய்வுக்காரர், டாக்டர் இல்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். சொல்வதில் எனக்கு ஒன்றும் சிரமமில்லை. இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் ஏங்கிய நாட்கள் உண்டு.

மினசோட்டாவில் டாக்டர் உரிமத்தைப் புதுப்பிக்க, மூன்று வருஷத்தில் எழுபத்தைந்து மணி நேரம் படித்ததாகக் காட்ட வேண்டும். படிப்பு முடிவதில்லை, மருந்துகள் மாறுகின்றன; நியாயமான விதிதான். ஆனால் அந்தக் கிரெடிட்டைத் தெருவில் போகிறவர்கள் கொடுத்துவிட முடியாது. அங்கீகாரம் பெற்ற இடம்தான் கொடுக்கலாம். எண்பத்திரண்டு படுக்கை கொண்ட எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த அங்கீகாரம் இருந்தது. சுரங்க ஊரில், வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக்கிடக்கும் இடத்தில், அது சின்ன விஷயமில்லை. அது போனால் எங்கள் டாக்டர்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் டுலூத் நகரம்வரை வண்டி ஓட்ட வேண்டும். கல்வித் துறையையும் மூடிவிடுவார்கள். கல்வித் துறை என்றால் நான், ஒரு மேசை, ஒரு ஜெராக்ஸ் மெஷின்.

நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அங்கீகாரக் குழு எங்கள் கோப்புகளில் சிலவற்றை உருவிப் படிக்கும். திருப்தி என்றால் இன்னும் நான்கு வருஷம். மனம் குளிர்ந்துவிட்டால் பாராட்டுடன் அங்கீகாரம். அது ஆறு வருஷம். திருப்தியில்லை என்றால் தகுதிகாண் நிலையில் வைப்பார்கள். அந்த ஜனவரியில் எங்களை அங்கேதான் வைத்திருந்தார்கள். காரணம், ஒவ்வொரு பாடத்துக்கும் நாங்கள் நிரப்பி அனுப்பும் படிவத்தின் மூன்றாம் கட்டம்.

மூன்றாம் கட்டத்தில் ஒரே ஒரு கேள்வி: இந்தப் பாடம் எந்த இடைவெளியை நிரப்புகிறது?

அழகான கேள்வி அது. அந்தக் காலத்தில் யாரோ ஒருவருக்குப் பிடித்த தலைப்பில் யாரோ ஒருவர் பேசுவார், எல்லோரும் தூங்குவார்கள், கிரெடிட் கிடைத்துவிடும். இப்போது அப்படியில்லை. டாக்டர்கள் இன்று செய்வது என்ன, செய்ய வேண்டியது என்ன, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எண்ணிக் காட்ட வேண்டும். அதற்குத் தகுந்த பாடம் நடத்த வேண்டும். பிறகு மறுபடி எண்ணி, தூரம் குறைந்ததா என்று காட்ட வேண்டும். பல்லில் ஓட்டை இருக்கும் இடத்தில்தானே அடைக்க முடியும்?

எங்களிடம் ஓட்டை இல்லை. அதுதான் சங்கடம். கை கழுவுவதை எண்ணினேன்: நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. அறுவைக்கு முன் ஆன்டிபயாட்டிக்: நூற்றுக்கு நூறு. அறுவைக்குப் பின் ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் ஊசி: இருபது பேரில் பத்தொன்பது பேருக்கு, போடாத ஒருவருக்கும் காரணம் எழுதியிருந்தது. வேறு வழியில்லாமல், 'டாக்டர்கள் இன்னும் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும்' என்று எழுதி அனுப்பினேன். 'இது இடைவெளி அல்ல, ஆசை' என்று குறிப்பெழுதித் திருப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் தவணை.

ருக்காவினாதான் கல்விக் குழுவின் தலைவர். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம குறையே குறை இல்லாததுதான் மார்லிஸ். அதையே எழுதி அனுப்பிடு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வாரம் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சின்ன ஆஸ்பத்திரியில் ஒரே தலைக்கு நான்கு தொப்பி. படிவக் குழுவின் செயலாளரும் நான்தான். அறுவை முடிந்ததும் டாக்டர் கையெழுத்துப் போடும் உத்தரவுத் தாளை வடிவமைப்பது என் வேலை. அதில் நான்காவது வரி, நான் சொன்ன அந்த ஊசி. பக்கத்தில் டிக் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். வேண்டாம் என்றால்தான் டாக்டர் அதைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். வேண்டும் என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம். இதில் எவ்வளவு புத்தி இருக்கிறது பாருங்கள். களைத்துப்போன மனிதனை அவன் சோம்பலே சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஒரு புதன்கிழமை அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தபோதுதான் விளங்கியது. எங்கள் டாக்டர்களின் திறமை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தது, நான் அச்சடித்த டிக்.

வரியைப் பின்பக்கத்துக்கு மாற்றினேன். டிக்கை எடுத்தேன். எதையும் நீக்கவில்லை, கவனியுங்கள். வேண்டியவர்கள் திருப்பிப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். படிவக் குழு ஆறு நிமிடத்தில் ஒப்புதல் தந்தது. ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து யார் பெரிய மீன் பிடித்தார் என்பதில் எல்லோரும் மும்முரமாக இருந்தார்கள்.

மூன்றாவது வாரம் அறுவைப் பிரிவு நர்ஸ் ஜோலீன் ஸ்கூபிக் வந்தாள்.

"மார்லிஸ், முன்பக்கத்துல அந்த ஊசி வரியைக் காணோமே. பிரிண்டர் தின்னுடுச்சா?"

"பின்பக்கம் இருக்கு கண்ணு."

"பின்பக்கத்த யாரு திருப்புறா? ருக்காவினா தன் பேரையே பாதிதான் எழுதுறாரு."

"எழுத்துல குடு. கமிட்டில வைக்கிறேன்."

எழுதிக் கொடுத்தாள். நானும் வைத்தேன். அடுத்த கூட்டம் ஏப்ரலில். அதற்குள் அவள் கடிதம் கல்விக் கோப்பிலும் நன்றாகப் பயன்பட்டது. நோயாளிக்கு அருகில் நிற்பவர்களிடமிருந்து வரும் தகவலை அங்கீகாரக் குழு மிகவும் மதிக்கும்.

எத்தனை வாரம் என்று முன்பே கணக்குப் போட்டீர்களா என்று நேற்றுக் கேட்டீர்கள். போடாமல் எப்படி? ஊசி இல்லாவிட்டால் நூறு பேரில் எத்தனை பேருக்குக் காலில் ரத்தம் கட்டும், அதில் எத்தனை நுரையீரலுக்குப் போய் அடைக்கும் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. எட்டு வாரத்தில் எங்களுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும், இடைவெளியைக் காட்டும் வரைபடத்தில் எடுபடாது. அதனால் பதினொன்று.

பதினொரு வாரத்தில் அறுபத்து மூன்று பெரிய அறுவை. ஊசி கிடைத்தது இருபத்தாறு பேருக்குத்தான். ரத்தக்கட்டு நான்கு பேருக்கு. இரண்டு பேர் பிழைக்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டிய வெண்டல் டுவோமினன், இடுப்பு மாற்றி ஒன்பதாம் நாள் வீட்டில் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. லூத்தரன் சர்ச்சில் ஆர்கன் வாசித்த ஆர்டிஸ் பெராலா, குடல் அறுவைக்குப் பின் ஆறாம் நாள். ஆர்டிஸ் வீட்டுக்கு நான் ஹாட்டிஷ் என்று எங்கள் ஊரில் சொல்லும் மாட்டிறைச்சிப் பண்டம் சுட்டு எடுத்துப்போனேன். மேலே உருளைக்கிழங்கு நன்றாக முறுகியிருந்தது; பாத்திரம் காலியாகத்தான் திரும்பி வந்தது.

ஏப்ரலில் பாடம். மினியாபொலிஸிலிருந்து பேச்சாளர். தனக்கு எந்த மருந்துக் கம்பெனியோடும் தொடர்பில்லை என்று அவர் முதலில் அறிவித்தார்; அது விதி. மேசைமேல் கம்பெனிப் பெயர் போட்ட பேனா ஒன்று கிடந்தது. எடுத்துக் குப்பையில் போட்டேன். விதி விஷயத்தில் நான் கறார். பிறகு என் வரைபடத்தைத் திரையில் போட்டார்கள்.

"இது நம்ம நம்பரா?" என்றார் ருக்காவினா.

"நம்மதுதான் டாக்டர்."

"வெண்டல் என் பேஷன்ட். எப்பவும் போடுவேனே மார்லிஸ். எப்படி விட்டேன்?"

கற்றல் என்பது அந்த இடத்தில்தான் தொடங்குகிறது; குறுக்கே பேசக்கூடாது. அந்த அறை அவ்வளவு கவனமாக ஒரு பாடம் கேட்டு நான் பார்த்ததில்லை. ஜூன் மாதம் அவர் அறுவைக் கத்தியை ஒரேயடியாகக் கீழே வைத்துவிட்டார். நல்ல கை. வருத்தம்தான்.

பாடம் முடிந்த மறுவாரம் வரியை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தேன், டிக்கோடு. அடுத்த பதினொரு வாரத்தில் ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு. ரத்தக்கட்டு ஒன்றுகூட இல்லை. இரண்டு பேரைப் பற்றியே கேட்கிறீர்கள். இந்த ஐம்பத்தெட்டுப் பேரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 'நோயாளிகளின் நலனில் அளந்து காட்டிய மாற்றம்' என்று அங்கீகாரக் குழுவின் கடிதத்தில் இருந்தது. பாராட்டுடன் அங்கீகாரம். ஆறு வருஷம். அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

வெர்ன் விஷயத்தைத்தான் பெரிதாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் குடும்பத் தொடர்பை மறைக்கக் கூடாது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். என் தங்கை பெர்னடீன் பிப்ரவரியில் போன் செய்தாள், அவள் புருஷன் வெர்னுக்கு முட்டி மாற்றத் தேதி கிடைத்துவிட்டதென்று.

"மே மாசத்துக்குத் தள்ளிப்போடு," என்றேன். "பனி உருகட்டும். ஊன்றுகோலோட வழுக்கி விழுந்தா யாரு தூக்கறது?"

"அடேங்கப்பா. இருபது வருஷத்துல அவருக்காக நீ கவலைப்பட்டு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மே மாதம் செய்தார்கள். நன்றாக நடக்கிறார். எனக்கு முன்பே தெரியும் என்பதற்கு இது சாட்சி என்கிறீர்கள். தெரியும் என்றுதானே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்? ஆனால் நான் யாரையும் தொட்டதுகூட இல்லை. எல்லாக் கையெழுத்தும் டாக்டர்களுடையது.

திங்கட்கிழமை என் நாற்காலிக்குப் புதிதாக ஒருத்தி வருகிறாளாம். அவளுக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். கொடுத்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன். நல்ல ஆஸ்பத்திரியில் மூன்றாம் கட்டத்தை நிரப்பும் வழி: டாக்டர்கள் யோசிக்காமலே சரியாகச் செய்வது எது என்று பார். தாளிலிருந்து அதை எடுத்துவிடு. பதினொரு வாரம் எண்ணு. பாடம் நடத்து. திரும்ப வைத்துவிடு.