ஃபாரத்துல எட்டுன்னு போட்டிருக்கு

எண்ணாதீங்கம்மா. அட, எண்ணாதீங்கங்கிறேன்ல! ஃபாரத்துல எட்டுத் துப்பாக்கின்னு போட்டிருக்கு, கீழ வெர்லின் ஹாகன்னு என் கையெழுத்தும் இருக்கு. எட்டுன்னா எட்டுதான். தார்ப்பாய்ல கொஞ்சம் கூடுதலா தெரியுதுன்னா... அது வந்து... பரப்பி வெச்சா எதுவுமே கூடுதலாத்தான் தெரியும்.

சரி. முப்பத்தி நாலு. எண்ணிட்டீங்க. இன்சூரன்ஸ் கம்பெனியில எண்ணத் தெரியாத ஒரு புள்ளையா பாத்து அனுப்புவாங்கன்னு நெனச்சேன், என் நேரம். இந்த வாளியைக் கவுத்துப் போட்டு உக்காருங்க. காப்பி இருக்கு, ஃபிளாஸ்க்ல. வீட்டுக்குள்ள கூப்பிடலைன்னு நெனச்சுக்காதீங்க. டார்லிஸ் இல்லை. சர்ச்சுல இன்னிக்கு விருந்து, உருளைக்கிழங்கு ரொட்டி சுடப் போயிருக்கா. நாலு மணி ஆகும் வர. அதனாலதான் உங்களை ரெண்டு மணிக்கு வரச் சொன்னேன், அதனாலதான் இந்தத் தானியக் கொட்டகையில நிக்கிறோம், புரியுதா? என் பொண்டாட்டியைப் பொறுத்தவரைக்கும் என்கிட்ட இருக்குறது எட்டு. நாப்பத்தி மூணு வருஷமா எட்டு.

சிரிக்காதீங்கம்மா. இது லேசான வேலை இல்லை. மான் சீசன்ல ஒண்ணை எடுத்துட்டுப் போவேன், திரும்பி வரும்போது அதே உறையில வேற ஒண்ணு வரும். எல்லாம் ஒரே மாதிரிதானே... கட்டை பழுப்பு, குழல் கறுப்பு. அவளுக்கு என்ன தெரியும்? ஒரு தடவை சமையலறைக்குக் கார்ப்பெட் வாங்குனோம். அந்தச் சுருட்டுக்குள்ள ஒண்ணு வந்துச்சு. வென்னீர் பாய்லர் மாத்தினப்ப அந்த அட்டைப் பெட்டியில ரெண்டு. பாய்லரே பழுதில்லை, அது வேற விஷயம். ஒரு வார்த்தை கேட்டதில்லை அவ. "கார்ப்பெட் கனமா இருக்கே வெர்லின்"னு ஒரு தடவை சொன்னா, அவ்வளவுதான்.

இருங்க, அந்த ஃபைலை அப்புறம் பிரிக்கலாம். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. இருபத்தாறு வருஷமா உங்க கம்பெனிக்குக் கட்டிட்டு வர்றேன். திருட்டுக்கும் தீக்கும். திருடன் வந்தானா? வரலை. இந்தப் பக்கம் திருடன் வந்தா அவன் உசுருக்குத்தான் உத்தரவாதம் இல்லை, வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கு. தீ வந்துச்சு. கராஜ் போச்சு, ஒர்க்‌ஷாப் போச்சு, என் தூண்டில் எல்லாம் போச்சு. சரி, தீக்குக் குடுங்கப்பான்னு கேட்டா, நேத்து போன்ல ஒருத்தர் சொல்றாரு, "ஹாகன் சார், போட்டோவுல இருக்குறது தீ இல்லை, துரு"ன்னு. துரு எங்கிருந்து வந்துச்சு? வானத்துல இருந்தா வந்துச்சு?

தீயும் எப்படி வந்துச்சுன்னா... அதை ரிப்போர்ட்டுல ஆரின் எழுதியிருப்பான். எதிர்வீட்டு ஆரின் ட்வேய்ட். நம்ம ஊர் தீயணைப்புக்கு அவன்தான் தலைவர். சம்பளம் கிடையாது, ஊர்க்காரங்க பன்னெண்டு பேர், மணி அடிச்சா ஓடி வருவாங்க. நான் துப்பாக்கிக் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் போட்டுட்டு, தொடைச்ச துணியை உருட்டி மூலையில போட்டேனாம். அது தானாச் சூடாகித் தானாப் பத்திக்கிச்சாம். நாப்பது வருஷமா உருட்டிப் போடுறேன், அன்னிக்கு மட்டும் அதுக்குக் கோவம் வந்துருச்சாக்கும்! எங்க வீட்டுப் பூனைதான் ஏதோ பண்ணியிருக்கணும். சரி... எண்ணெய்த் துணிதான். வெச்சுக்கங்க.

ஆனா பாருங்க, துப்பாக்கிப் பெட்டி நின்னுச்சு. அதோ, கரிக்கு நடுவுல சர்ச் கோபுரம் மாதிரி நிக்குதே, அந்த இரும்புப் பெட்டி. ஒரு மணி நேரத் தீயைத் தாங்கும்னு சொல்லித்தான் வித்தான். தாங்குச்சு. உள்ள ஒரு கீறல் இல்லை. அப்ப ஆரின் என்கிட்ட வந்து சொல்றான்: "வெர்லின், நாளைக்குக் காலையில சூடு ஆறினதும் மொத வேலையா இதைத் திறந்துடு. இந்தப் பெட்டிச் சுவருக்குள்ள ஜிப்சம் பலகை இருக்கு, சூடு பட்டா தண்ணி கக்கும். உள்ள மொத்தமும் ஆவி. மூடியே வெச்சிருந்தா வெந்நீர்ல ஊறப் போட்ட மாதிரிதான்."

எனக்குத் தெரியாதா அது? பெட்டி வாங்கினப்ப குடுத்த புஸ்தகத்துலயே போட்டிருக்கு. ஆனா மறுநாள் காலையில என் கராஜைப் பாத்திருக்கணும் நீங்க. பன்னெண்டு பேரும் கரி அள்ள வந்துட்டானுங்க. பன்னெண்டு பேரோட பொண்டாட்டிங்களும் ஆளுக்கொரு தட்டுல சாப்பாட்டைச் சுமந்துட்டு வந்துட்டாங்க. அதுல ஆரின் பொண்டாட்டி மிர்னா, அவ கண்ணுல ஒண்ணு பட்டா சாயங்காலத்துக்குள்ள பில்லிங்ஸ் டவுன் வரைக்கும் போயிடும். எல்லாரும் பெட்டியைச் சுத்தி நிக்கிறாங்க. டார்லிஸ் நடுவுல. "திற திற"ங்கிறான் ஆரின். எப்படித் திறப்பேன்? எட்டுத் துப்பாக்கி இருக்க வேண்டிய எடத்துல ஒரு படையே நிக்குது உள்ள!

என்ன பண்ணேன்னா... பூட்டு நம்பர் மறந்துபோச்சுன்னுட்டேன்.

அட, அப்படிப் பாக்காதீங்க. வேற என்ன சொல்ல? அதிர்ச்சியில மறந்துருச்சுன்னு தலையில கை வெச்சு உக்காந்தேன். எல்லாரும் நம்பிட்டாங்க. டார்லிஸ் மட்டும் பக்கத்துல வந்து, தோள்ல கை வெச்சு, "ஏதாவது தேதியா இருக்கும் வெர்லின், நல்லா யோசிச்சுப் பாரு"ன்னா. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஏன்னா, தேதிதான் அது. எங்க கல்யாண நாள். ஜூன் பதினாலு. அவ எப்பவும் குத்திக் காட்டுவா, "கல்யாண நாளை ஒரு வருஷமாவது ஞாபகம் வெச்சிருக்கியா"ன்னு. அதனாலதான் அதை வெச்சேன். உலகத்துல யார் சந்தேகப்பட்டாலும் அவ படமாட்டா பாருங்க.

ஒரு நிமிஷம்மா, அந்த ஃபைல் எங்கேயும் ஓடிப் போகாது. வேணும்னா இன்னொரு காப்பி ஊத்திக்கங்க.

அதுக்கப்புறம் அவ பண்ணின கூத்து இருக்கே. கராஜ் எரிஞ்சு நிக்கிறவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவ. மறுநாள் காலையில கதவைத் திறக்கிறேன், படிக்கட்டுல துணி. என்னோட நல்ல பனியன் நாலைக் கிழிச்சு, மடிச்சு, பக்கத்துல ஒரு டப்பா துப்பாக்கி எண்ணெய். எண்ணெய்த் துணியால கராஜையே கொளுத்தினவனுக்கு எண்ணெயும் துணியும்! எவ்வளவு நக்கல் பாத்தீங்களா? எடுத்து ஓரமா வெச்சேன். அதுக்கு மறுநாள் இன்னும் ரெண்டு பனியன். குளிருக்கு உள்ள போட இப்ப பனியனே இல்லை எனக்கு.

அப்புறம் தினமும் மத்தியானம் கிளம்பிடுவா. "அக்கா வீட்டுக்குப் போறேன், அஞ்சு மணிக்கு முன்னாடி வரமாட்டேன், மிர்னாவையும் கூட்டிட்டுப் போறேன்." ரெண்டு தடவை சொல்லுவா, சத்தமா. வண்டியில ஏறி உக்காந்து கண்ணாடியை இறக்கி மூணாவது தடவையும் சொல்லுவா. இங்க நான் தனியாக் கரி அள்ளிட்டு இருக்கேன், அவளுக்கு ஊர்சுத்தல். திறந்திருக்கலாமேங்கிறீங்களா? எப்படிம்மா? அவ கைப்பையை மறந்துட்டு திரும்பி வருவா, இல்லை சட்டியை மறந்துட்டு வருவா. முப்பத்தி நாலையும் அஞ்சு நிமிஷத்துல எங்க ஒளிப்பேன்? நிஜமா எனக்குக் கை வரலை.

இதுல காலண்டர் வேற. விதைக்கடையில குடுத்த காலண்டர், சமையலறையில தொங்குது. இது அக்டோபர் மாசம். அதை ஜூனுக்குத் திருப்பி வெச்சு, பதினாலாம் தேதியைச் சிவப்புல வட்டம் போட்டு வெச்சிருக்கா. முடிஞ்சுபோன கல்யாண நாளுக்கு இப்ப வந்து சண்டை! நான் அதைத் திரும்பவும் அக்டோபருக்கு மாத்துவேன். காலையில பாத்தா மறுபடியும் ஜூன்.

பதினோரு நாள். ஆமா, பதினோரு நாள். எழுதிக்கங்க, மறைச்சு என்ன ஆகப் போகுது. போன வெள்ளிக்கிழமை அவ அக்காகூட பில்லிங்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் ராத்தங்கினா. அன்னிக்குத்தான் திறந்தேன். கதவை இழுத்ததும் தண்ணி என் செருப்பு மேல ஊத்துச்சு. உள்ள... ஆரஞ்சு கலர்மா. எல்லாமே ஆரஞ்சு. எங்கம்மா செத்தப்பகூட நான் அப்படி அழலை, சொல்றதுக்கு என்ன.

ஏய், அதைத் தொடாதீங்க! ...மன்னிச்சுக்கங்க. கத்திட்டேன். அந்த ஓரத்துல துணி போட்டு வெச்சிருக்கேன் பாருங்க, இரட்டைக்குழல், அதை மட்டும் தொடாதீங்க. மத்த முப்பத்தி மூணுக்கும் உங்க கம்பெனி என்ன வேணா விலை போடட்டும். அதுக்கு விலை கேக்காதீங்க.

அது டார்லிஸோட அப்பாவோடது. பிடியில செம்புக் கம்பி சுத்தியிருக்குல்ல, குதிரை மிதிச்சு ஒடைஞ்சப்ப அவரே சுத்தினது. அவர் போனதும் அவ அண்ணன் பண்ணையோட சேத்து இதையும் ஏலத்துல விட்டுட்டான். அன்னிக்கு இவ வண்டிக்குள்ள உக்காந்து அழுதா, கண்ணாடியை ஏத்திக்கிட்டு. ஒன்பது வருஷம் முன்னாடி பில்லிங்ஸ் துப்பாக்கிச் சந்தையில ஒருத்தன் மேஜையில பாத்தேன். கம்பியைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அவன் கேட்டதைக் குடுத்தேன், பேரமே பேசலை. அவ பிறந்தநாளுக்குக் குடுக்கணும்னுதான் வாங்கினேன். ஆனா குடுத்தா என்ன கேப்பா? "இவ்வளவு நாள் எங்க இருந்துச்சு? பெட்டியைத் திற, பாக்குறேன்"ம்பா. அடுத்த பிறந்தநாளுக்குக் குடுக்கலாம்னு விட்டேன். அதுக்கடுத்த பிறந்தநாள்... இப்படியே ஒன்பது போயிடுச்சு. இப்ப துருப்பிடிச்சுக் கெடக்கு. எந்த மூஞ்சியோட குடுப்பேன்?

அதனால நீங்க ஒரு உதவி பண்ணணும். ஃபாரத்துல எட்டுன்னே இருக்கட்டும். முப்பத்தி நாலுக்குக் காசு வரட்டும். இது முடியாதுன்னு எனக்கும் தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். சீரியல் நம்பர் லிஸ்ட் எல்லாம் கேக்காதீங்க. என்கிட்ட லிஸ்ட்டே கெடையாது. லிஸ்ட் போட்டா அது யார் கைக்குப் போகும்னு யாருக்குத் தெரியும்? நான் ஒரு காகிதத்துலயும்...

என்ன இது? சரி, சரி, குடுங்க, வந்ததுல இருந்து அந்த ஃபைலைத் தூக்கிக் காட்டிட்டே இருக்கீங்க. கண்ணாடி எங்க வெச்சேன்... ஆங்.

இது... டார்லிஸ் கையெழுத்து மாதிரி இருக்கு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி தேதி. "தனிப் பட்டியல், துப்பாக்கிகள்." தனியா பாலிசியா? அவளா எடுத்தா? "ஒண்ணு..." நம்பர் இருக்கு, போட்டோகூட இருக்கு. என் பெட்டியைத் திறந்து எடுத்திருக்கா! "நாலு. என்கிட்ட சொன்ன விலை நூத்தம்பது டாலர். ஆரின்கிட்ட கேட்டப்ப சொன்ன நிஜ விலை ஆயிரத்து தொள்ளாயிரம்." அடப்பாவி ஆரின்! "பதினொண்ணு. கார்ப்பெட்டுக்குள்ள வந்தது. பதினாறு, பதினேழு. பாய்லர் பெட்டியில வந்தது. பழைய பாய்லர் நல்லாத்தான் இருந்துச்சு."

முப்பத்தி நாலு. ஒண்ணுகூட விடலை.

ஹா, விட்டுட்டா! ஒண்ணை விட்டுட்டா! உங்களுக்கு மட்டும் சொல்றேன், ஆரின் வீட்டுப் பரண்ல ஒண்ணு இருக்கு, பெட்டியில எடம் இல்லைன்னு அங்க... பின்னாடி பக்கமா? பின்னாடியும் எழுதியிருக்கா? "முப்பத்தஞ்சு. ஆரின் வீட்டுப் பரண்ல. மிர்னா காட்டினா."

...

அப்ப அந்தப் பனியன்... நக்கலுக்கு இல்லையா. தொடைக்கக் குடுத்திருக்கா. அஞ்சு மணி வரைக்கும் வரமாட்டேன்னு மூணு தடவை கத்துனதும்... மிர்னாவையும் சேத்து இழுத்துட்டுப் போனதும். ஜூன் பதினாலு. ஐயோ. நம்பரை எனக்கு ஞாபகப்படுத்துறாளாம்மா! தினம் காலையில காலண்டரைத் திருப்பித் திருப்பி வெச்சிருக்கா. நான் தினமும் அதைப் பழையபடி மாத்தியிருக்கேன். யாருக்குத் தெரியக்கூடாதுன்னு பதினோரு நாள் பெட்டியை மூடி வெச்சுக் கெடுத்தேனோ, அவளுக்கு மூணு வருஷமா எல்லாம் தெரியும். தீ ஒண்ணும் பண்ணலைம்மா. திருடனும் ஒண்ணும் பண்ணலை. முழுசா நான்தான்.

இருபத்தி ரெண்டாவதுல விலை போடலையே. என்ன எழுதியிருக்கா... நீங்க படிங்க. என் கண்ணாடில ஏதோ... இல்லை, குடுங்க, நானே படிக்கிறேன். "இருபத்தி ரெண்டு. இரட்டைக்குழல். எங்கப்பாவோடது. வெர்லின் குடுக்கும்போது குடுக்கட்டும்."

...

வண்டிச் சத்தம் கேக்குதா? அது டார்லிஸ் வண்டிதான், சைலன்சர் ஓட்டை. மணி மூணுகூட ஆகலையே! தார்ப்பாயை மூடவா... வேணாம். கெடக்கட்டும். எதுக்கு.

அந்த ஃபாரத்தை எடுங்க. எட்டை அடிங்க. முப்பத்தி நாலுன்னு போடுங்க. இல்லைம்மா, முப்பத்தி மூணு. அந்த இரட்டைக்குழல் என்னோடது இல்லை. அதைத் தனியா எழுதி, உரிமையாளர்ங்கிற எடத்துல டார்லிஸ் ஹாகன்னு போடுங்க. தீயாலன்னும் எழுத வேணாம், துருவாலன்னும் எழுத வேணாம். புருசனாலன்னு எழுத எடம் இருந்தா எழுதுங்க.

அந்தப் பனியன் துண்டை இப்படிப் போடுங்க. எண்ணெய் டப்பா உங்க காலடியிலதான் இருக்கு. அவ இறங்கி வர ரெண்டு நிமிஷம் ஆகும், ஒரு குழலையாவது தொடைச்சிடலாம். அந்த லிஸ்ட்டை உள்ள வைங்க, சீக்கிரம், ஃபைலுக்குள்ள! நான் அதைப் படிச்சேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. நானாத்தான் குடுத்தேன்னு இருக்கட்டும்.